கொழுப்பு ஈரலுக்கு ஒரு தொட்டில்

காலையில் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று சூரியன் முதலில் பெட்டிக்காரரிடம்தான் கேட்கும். அவர் பல் விளக்கிக்கொண்டே "சரி, வா" என்று தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு வெளிச்சம். அவர் தெருவில் நடந்து போனால், போகிற வருகிற ஆட்களின் வயிற்றுக்குள் இருக்கும் கல்லீரல்களெல்லாம் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். பெரிய பெரிய டாக்டர்கள் ஒரு ஈரலைக் கையில் ஏந்திக்கொண்டு, "இதுல எது மேல, எது கீழ?" என்று அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இதில் கடைசி விஷயம் மட்டும் பாதி உண்மை. அந்தப் பாதியால்தான் பின்னால் வம்பு வந்தது.

பெட்டிக்காரர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. பத்தொன்பது வருடமாக அவர் வேலை ஒரு நீலப் பெட்டியைத் தூக்குவது. எங்கேயோ ஒருவருக்கு மூளை செத்துப்போய், வீட்டு ஆட்கள் அழுதுகொண்டே "எடுத்துக்குங்க" என்று கையெழுத்துப் போட்டால், டாக்டர்களோடு அவரும் வண்டியில் ஏறுவார். அவர்கள் எடுத்துக் கொடுக்கும் கல்லீரலைப் பைக்குள் பை, அதற்குள் பை என்று மூன்று பையில் போட்டு, ஐஸில் பதித்து, அசையாமல் சுற்றிலும் அணை கொடுத்து, மூடியை அழுத்தி, மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார். வண்டி எத்தனை குழியில் விழுந்து எழுந்தாலும் உள்ளே இருப்பது ஒரு விரல் நகராது. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் அந்தப் பெயர். அதனால்தான் பெட்டி இல்லாத நாளிலும் அவருடைய இடது தோள் சாய்ந்தே நடக்கும்.

அவருக்கு ஒரே மகள், வயது பதினைந்து. பள்ளிக்கூடமும் அவளும் தூரத்துச் சொந்தம் மாதிரி. நல்லது கெட்டதுக்குத்தான் போய் வருவாள். ஒருமுறை அவருடைய சாப்பாட்டு டப்பாவின் மேல் ஆஸ்பத்திரி ஸ்டிக்கரை ஒட்டி, "மனித உறுப்பு. அவசரம். கவிழ்க்காதே" என்று எழுதி அனுப்பிவிட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்துவிட்டாராம். பெட்டிக்காரர் வீட்டுக்கு வந்து திட்டவில்லை. ஸ்டிக்கரையும் கிழிக்கவில்லை. அது இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக அந்த வீட்டில் ஒருவர் இருந்தார். அதற்கு முன் ஈரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நல்ல ஈரல் கரும்பழுப்பாக, ஓரம் கத்தி மாதிரி கூராக இருக்கும். கொழுப்பு ஏறிய ஈரல் மஞ்சள் அடித்து, ஓரம் மழுங்கி, தூக்கினால் கனக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி சீக்கிரம் நிரம்பாது. அதை ஐஸில் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிய டாக்டருக்குப் படிக்க வேண்டாம். கறி வேகவைத்த சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் போதும், மேலே வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஈரலுக்குள் ரத்தம் போகிற வழியெல்லாம் நூல் மாதிரி இருக்குமாம். கொழுப்பால் உப்பிய உயிரணுக்கள் இரண்டு பக்கமும் அந்த வழியை நெருக்கும், குளிர் இன்னும் நெருக்கும். பிறகு அதைப் புது உடம்பில் வைத்து, தையல் போட்டு, ரத்தத்தை அடைத்துப் பிடித்திருக்கும் கிளிப்பைத் திறந்தால் சூடான ரத்தம் திமுதிமுவென்று உள்ளே பாயும். பத்து நாள் பட்டினி கிடந்தவன் வாயில் அண்டாவோடு சோற்றைக் கவிழ்த்த கதைதான். பாதி உயிரணு அங்கேயே வெந்துபோகும். அதனால் மஞ்சள் ஈரலைப் பார்த்தாலே டாக்டர்கள் "வேணாம்" என்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒன்பது வருடத்துக்கு முன் பெட்டிக்காரரின் மனைவிக்கு ஈரல் கெட்டுப்போனது. குடித்ததில்லை, கண்டதைத் தின்றதில்லை, சிலருக்கு அப்படி. கண்ணும் நகமும் மஞ்சளாகி, உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பு. சீப்பால் சொறிவார், தேங்காய் நாரால் சொறிவார், சிரித்துக்கொண்டே சொறிவார். காத்திருப்பவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. ஒரு நாள் காலையில் ஒரு ஈரல் இருப்பதாகத் தகவல் வந்தது. அவருடைய ரத்த வகை. "தயாரா இருங்க, போன் பண்ணதும் கெளம்பி வந்துடுங்க" என்றார்கள்.

சொந்தக்காரனுக்கான பெட்டியைத் தூக்கக்கூடாது என்பது விதி. பெட்டிக்காரர் கையைக் காலைப் பிடித்து, "ஓரமா நிக்கிறேன் சார், வாயே தெறக்க மாட்டேன்" என்று கெஞ்சி வண்டியில் ஏறிவிட்டார். அங்கே டாக்டர் ஈரலின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. பெட்டிக்காரர் ஓரமாக நின்று, அந்தக் குழி நிரம்பும் நிரம்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அது நிரம்பவில்லை.

திரும்பும் வழியில்தான் வீடு. அவர் பெட்டியோடு இறங்கிக்கொண்டார். மதியம் இரண்டு மணி. ஆறு வயது மகள் கட்டிலில் நல்ல தூக்கத்தில் இருந்தாள். மனைவி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, கெளம்பலாமா?"

"இல்லம்மா. அது மஞ்சளா இருந்துச்சு."

"என்னைவிடவா?"

பெட்டிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறிப்போக, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி சரி, இப்ப என்னாயிடுச்சு? பெட்டியில என்ன இருக்கு?"

"ஐஸ்தான்."

"அட, சும்மாவா கொண்டு போய்க் கொட்டப் போறீங்க? தெறங்க." மனைவி இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை ஐஸுக்குள் விட்டார். அரிப்பு அடங்க, கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார். "நீங்களும் வைங்க."

அவரும் வைத்தார். ஐஸ் கலகலவென்று சரிந்து நான்கு கைகளுக்கும் இடம் விட்டது.

"அந்த ஈரலை நெனச்சாதாங்க பாவமா இருக்கு" என்றார் மனைவி. "அது யாருக்குமே வேணாம்னு ஆயிடுச்சு பாருங்க. ஐஸ்ல போட்டா யாருக்குத்தான் வெறைக்காது? கொஞ்சம் கதகதப்பா வெச்சு, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லியிருந்தா அதுவும் எளகியிருக்கும்."

"அதெல்லாம் முடியாதும்மா."

"உங்களுக்கு எதுதான் முடிஞ்சிருக்கு. மெதுவாப் பேசுங்க, பாப்பா தூங்குறா."

மகள் நல்ல தூக்கத்தில்தான் இருந்தாள். ஏழு வாரம் கழித்து மனைவி போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அந்த நீலப் பெட்டியின் மூடி விரிசல் விட, தூக்கிப் போடப் போனார்கள். பெட்டிக்காரர் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். அதை அவர் திறந்ததில்லை. அதன்மேல் சாமான் வைத்ததில்லை. வீடு பெருக்கும்போது அதை மட்டும் நகர்த்தி, துடைத்து, அதே இடத்தில் வைப்பார்.

ஆறு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்கு ஒரு இயந்திரம் வந்தது. ஆள் உயரம், சக்கரம் வைத்தது, நடுவில் ஒரு தொட்டி. அந்தத் தொட்டியில் ஈரலைப் படுக்கவைத்து, அதன் குழாய்களில் இயந்திரக் குழாய்களை மாட்டி, உடம்புச் சூட்டிலேயே ரத்தத்தை ஓடவிடும். ஈரல் அங்கே உறைவதில்லை. வெளியே இருந்தபடியே வேலை செய்யும், கழிவைக் கழுவும், பித்தநீர் சுரக்கும். புது உடம்பில் வைக்கும் முன்பே அது தேறுமா தேறாதா என்று பார்த்துவிடலாம். மஞ்சள் ஈரலுக்கும் ஒரு பரீட்சை எழுத வாய்ப்பு. எல்லோரும் அதைத் "தொட்டில்" என்றுதான் சொன்னார்கள்.

அதைப் பற்றி முதல் வகுப்பு நடந்த அன்று பெட்டிக்காரர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, கேன்டீன்ல தின்னுட்டு வந்துட்டியா?" என்றாள் மகள்.

"கதகதப்பா வெச்சுக்கிறாங்களாம்" என்றார் அவர், யாரிடமோ சொல்வது போல. "முடியுதாம்."

ஐம்பத்திரண்டு வயதில் நோட்டு வாங்கி, கண்ணாடி மாட்டி, தொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படித்தார். இரண்டு முறை தேர்வில் கோட்டை விட்டார். மகள் அவரைக் கேள்வி கேட்டுத் தயார் செய்தாள். மூன்றாம் முறை பாஸ். அவளுடைய வாழ்க்கையில் அவள் சம்பந்தப்பட்ட ஒரே பாஸ் அதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது ஒரு மஞ்சள் ஈரல். இரண்டு ஆஸ்பத்திரிகள் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவதாக இங்கே வந்தது. அதற்காக மேல்மாடியில் காத்திருந்தவர் ஒரு தையல்காரம்மா. ஏற்கெனவே இரண்டு முறை அழைக்கப்பட்டு, வயிற்றில் மருந்தெல்லாம் பூசி, "சரிவரலை, வீட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர். பெட்டிக்காரர் நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒன்பது வருடமாக அவருடைய வழக்கம் அது. லிஃப்டுக்குத் தெரியுமா அவர் வழக்கம்? கதவு திறந்ததும் தள்ளுநாற்காலியில் தையல்காரம்மா. கண் மஞ்சள். கையில் ஒரு சீப்பு. அதைக்கொண்டு உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்கதான் அதுக்குக் காவலா?" என்றார் தையல்காரம்மா.

"ஆமாங்க."

"அது எப்படி இருக்கு?"

பெட்டிக்காரர் சீப்பையே பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் குண்டா இருக்குங்க" என்றார்.

"அளவு சரியில்லன்னா சொல்லுங்கண்ணே. பிடிச்சுத் தெச்சுக்கலாம். முப்பது வருஷமா அதான் பண்றேன்."

லிஃப்ட் நின்றது. பெட்டிக்காரர் இறங்க வேண்டிய மாடியைத் தாண்டி வந்திருந்தார்.

கீழே பெரிய மேடம் ஈரலில் மாட்டும் குழாய்களைத் தைத்து முடித்திருந்தார். பெரிய மேடம்தான் அங்கே தலைமை டாக்டர். அதிகம் பேச மாட்டார், பேசினால் பக்கத்து அறையில் இருப்பவர்களும் திருந்துவார்கள். ஈரலைத் தொட்டிலில் படுக்கவைப்பது பெட்டிக்காரர் பொறுப்பு. அவர் கையுறை மாட்டி, பதமாக வைத்து, இரண்டு பக்கமும் ஈரத்துணியைச் சுருட்டி அணை கொடுத்தார். ஒரு விரல் நகராது. மேடத்துக்குக் கீழே வேலை பார்க்கும் சின்ன டாக்டர் எட்டிப் பார்த்து, "சூப்பர்ணே, ஃபோட்டோ எடுத்து மாட்டலாம்" என்றார். ரத்தம் ஓடத் தொடங்கியது. ஈரல் மெல்லச் சூடேறியது. கொஞ்ச நேரத்தில் ரத்தத்தின் மேல் எண்ணெய்த் துளிகள், ஊசிமுனை அளவில், மினுங்கிக்கொண்டு மிதந்து வந்தன. பெட்டிக்காரர் குனிந்து அவற்றையே பார்த்தார். இளகுகிறது.

பரீட்சை நான்கு மணி நேரம். அரை மணிக்கு ஒரு தரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் என்ற கழிவை அளக்க வேண்டும். ஈரல் வேலை செய்தால் அந்த எண் இறங்கும். இரண்டரைக்குக் கீழே வந்தால் மேலே அறுவைசிகிச்சை. வராவிட்டால் தையல்காரம்மா மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்பதை யாரும் பேசவில்லை.

தொடக்கத்தில் ஒன்பதரை. அரை மணியில் எட்டரை. ஒரு மணியில் எட்டு. ஒன்றரையில் எட்டு. இரண்டு மணி நேரத்திலும் எட்டு. ஒரு பெரிய குழாயில் ரத்த ஓட்டம் குறைவு என்று இயந்திரம் கத்தியது.

"கொழுப்புதான்" என்றார் சின்ன டாக்டர். "உள்ள அடைச்சிருக்கு. இதுக்கு மேல என்ன எதிர்பாக்குறது?"

பெரிய மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் பாப்போம். அதுக்கப்புறம் மேல சொல்லிடலாம்."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பெட்டிக்காரர் தொட்டிலைப் பார்த்தார். ஈரலின் வலப்பக்கம் நல்ல நிறத்துக்கு வந்திருந்தது. இடது ஓரம் மட்டும் வெளிறிக் கிடந்தது. கொழுப்பு ஒரு பக்கமாகவா இருக்கும்? அவர் துணி அணையைப் பார்த்தார். அழகாக இருந்தது. பத்தொன்பது வருட அழகு.

அவர் இன்னும் குனிந்து, துணி ஈரலைத் தொடும் இடத்தைப் பார்த்தார்.

ஐஸில் ஈரல் தூங்கும். அசையக்கூடாது, இறுக்கி வைக்க வேண்டும். தொட்டிலில் அது விழித்திருக்கும். ரத்தம் ஏற ஏற உப்பும், அதுவும் இது கனத்த ஈரல். உப்பியதற்கு அவர் இடமே விடவில்லை. அது துணியில் முட்டி, ஒரு பக்கமாகத் திரும்பி, தன்னுடைய பெரிய குழாயைத் தானே மடக்கிக்கொண்டு கிடக்கிறது. வகுப்பில் சொல்லித் தந்ததுதான்: தளர்வாக, மிதக்கிற மாதிரி. தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கினார். கைதான் கேட்கவில்லை. கை, பெட்டியிலேயே இருந்தது.

சொன்னால் தொட்டில் வேலை போகும், மறுபடி பெட்டிதான். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. கொழுப்பு ஈரல், கெட்டுப்போனது, அவ்வளவுதான். யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. பழியை ஏற்றுக்கொள்ள மஞ்சள் ஈரலைப் போல வாயில்லாத ஆள் வேறு கிடையாது.

*யாருக்குமே வேணாம்னு ஆயிடுச்சு பாருங்க.*

"மேடம்" என்றார் பெட்டிக்காரர். "அது மேல தப்பில்ல. நான்தான் பெட்டியில வைக்கிற மாதிரி வெச்சுட்டேன்."

பெரிய மேடம் குனிந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். சின்ன டாக்டரின் வாய் திறந்தபடி இருந்தது, ஈ இல்லாத இடமாகப் போனதால் பிழைத்தார்.

"கை கழுவிட்டு வாங்க" என்றார் மேடம். "நீங்கதான் வெச்சீங்க, நீங்களே எடுங்க."

அவர் புதுக் கையுறை மாட்டி வந்து, சுருட்டிய துணிகளை ஒவ்வொன்றாக உருவினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஈரலுக்கு அடியில் விட்டார். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ ஈரல்களைத் தொட்டிருக்கிறார். எல்லாம் சில்லென்று இருக்கும். இது கதகதப்பாக இருந்தது. குழந்தையின் முதுகு மாதிரி. ஒரு விரல் உயரம் தூக்கி, இடது பக்கம் சாய்த்து, விட்டார். மடங்கிய குழாய் நிமிர்ந்தது. வெளிறிய ஓரத்தில் சிவப்பு, தண்ணீரில் மை பரவுவது போல ஏறியது. இயந்திரம் கத்துவதை நிறுத்தியது.

மறு அரை மணியில் ஆறு. பிறகு நாலு. பிறகு மூன்று. நான்கு மணி நேரம் முடிகிற இடத்தில், பித்தநீர்க் குழாயின் முனையில் ஒரு சொட்டு, அடர்ந்த பொன் நிறத்தில், விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்துவிட்டு விழுந்தது. லாக்டேட் இரண்டு புள்ளி இரண்டு.

"மேல சொல்லுங்க, ரெடி பண்ணட்டும்" என்றார் பெரிய மேடம். கதவு வரை போனவர் திரும்பினார். "அடுத்த தடவை அணை வெச்சீங்கன்னா உங்களையே அந்த ஐஸ் பெட்டியில வெச்சு மூடிடுவேன்."

அடுத்த தடவை. பெட்டிக்காரருக்கு அந்த இரண்டு வார்த்தையே போதுமாக இருந்தது.

மூன்று நாள் கழித்துத் தையல்காரம்மா கண்ணைத் திறந்து, பேசத் தெம்பு வந்ததும், "தையல் நேரா போட்டிருக்காங்களா?" என்று கேட்டாராம். ஒரு வாரத்தில் கண்ணில் மஞ்சள் வடிந்தது. சீப்பைத் தலைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்.

பெட்டிக்காரர் இதையெல்லாம் வீட்டில் மகளிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஈரலைத் தூக்கிய இடம் வரும்போது தட்டை நகர்த்திவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிக் காட்டினார். சொல்லி முடித்த பிறகும் கைகள் அப்படியே இருந்தன. சொல்ல வேண்டிய ஆளிடம் இன்னும் சொல்லவில்லை என்பது போல ஒரு முகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து நீலப் பெட்டியை இழுத்து, ஒன்பது வருடத்தில் முதல் முறையாக மூடியைத் திறந்தார். யாரும் திறக்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு பதினைந்து வயதுக் கழுதை உள்ளே ஒரு நோட்டை ஒளித்து வைத்திருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, சூரியனிலிருந்து ஆரம்பித்து, இரண்டு உள்ளங்கைகள் வரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

மகள் வந்து நின்றபோது நோட்டு அவர் மடியில் இருந்தது.

"மேடம் ஐஸ் பெட்டியில வெச்சு மூடுவேன்னு சொல்லல" என்றார். "ஜாக்கிரதைன்னுதான் சொன்னாங்க."

"அது ஒரு இதுக்காகப்பா."

"சூரியன் என்னைக் கேட்டுக்கிட்டு எழுந்திரிக்கிறதில்ல."

"அது எல்லாருக்கும் தெரியும்."

"எழுத்துப்பிழை நாப்பத்தி ஒண்ணு."

"அவ்ளோதானா?"

அவர் பக்கத்தைப் பின்னால் புரட்டி, ஒரு வரியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அப்படியே வைத்திருந்தார்.

"பாப்பா நல்ல தூக்கத்துல இருந்தான்னு ரெண்டு எடத்துல எழுதியிருக்கியே" என்றார். "தூங்குறவளுக்கு ஐஸ் சரிஞ்ச சத்தம் எப்படிடீ கேட்டுச்சு?"